மனித மனதைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட முடியுமா? இரண்டையும் இணைக்கத்தான் முடியுமா?

இணைக்க முடியுமா என்பதற்குப் பதில் சுலபம். ஏற்கெனவே இணைத்துவிட்டார்கள், உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் அந்த இணைப்போடுதான் நடமாடுகிறார்கள். ஒப்பிடலாமா என்பதில்தான் எனக்குத் தகராறு.

ஒப்பீடு வெறும் அரட்டை இல்லை. 1943இல் ஆய்வாளர்கள் வாரன் மெக்கல்லாக்கும் வால்டர் பிட்ஸும் நரம்பணுவை ஆன், ஆஃப் ஆகும் ஒரு லாஜிக் சர்க்யூட்டாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள், இன்றைய ஏஐக்கு அதுவும் ஒரு வேர். ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி மூளை ஹார்டுவேர், மனம் சாப்ட்வேர், ஞாபகம் ஹார்டு டிஸ்க் என்று அடுக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அது ஒத்துவராது. டிஸ்கில் இருக்கும் போட்டோவை எத்தனை முறை திறந்தாலும் அதே போட்டோதான். நமக்கோ கேட்கிற கேள்வியே ஞாபகத்தை மாற்றிவிடும். உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் செய்த சோதனையில் எல்லாருக்கும் ஒரே கார் விபத்துப் படத்தைத்தான் காட்டினார்கள். அப்புறம் சிலரிடம் 'கார்கள் மோதியபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

சரி, இணைப்புக்கு வருவோம். மூளைக்குள் சிப் வைக்கும் ஈலான் மஸ்கின் நியூராலிங்க் கம்பெனி பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள், எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் காது கேட்காதவர்களுக்கு வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட். காதுக்குப் பின்னால் மாட்டும் குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று, மைக்கில் வரும் சத்தத்தை அலைவரிசை வாரியாகப் பிரித்து, தோலுக்கு அடியில் பொருத்திய கருவிக்கு அனுப்பும். அங்கிருந்து உள்காதுக்குள் போகும் மெல்லிய கம்பி செவி நரம்பை நேராக மின்சாரத்தால் தூண்டும். நல்ல காதில் சத்தத்தை உணரும் மயிரணுக்கள் சுமார் 15,000 இருக்கின்றன, இந்தக் கம்பியில் இருப்பதோ இருபது சொச்சம் மின்முனைகள். ரொம்ப மட்டமான சிக்னல்தான். என் பெரியப்பாவுக்கு வைத்து ஆன் செய்தபோது "என்னடா, எல்லாரும் மிக்கி மவுஸ் மாதிரி பேசறீங்க" என்றார், பெரியம்மா குரல்கூட அவருக்குப் பிடிபடவில்லை. சில மாதங்களில் போனில் பேச ஆரம்பித்துவிட்டார். ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அவ்வப்போது மேப்பிங் செய்து, அதாவது ஒவ்வொரு மின்முனையும் எவ்வளவு தூண்ட வேண்டும் என்ற அளவுகளைத் திருத்தினார் என்பது உண்மைதான், ஆனால் அந்த இருபது சொச்சத்தை மனிதக் குரலாக மாற்றிக்கொண்டது அவருடைய மூளை. எந்தக் கம்ப்யூட்டராவது, அதற்கென்று டிரைவர் சாப்ட்வேர் போடாமல், அரைகுறையாக வரும் சிக்னலை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டுத் தானாகப் பழகிக்கொள்ளுமா?

இன்னொன்றும் உண்டு. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு ஒன்றிரண்டு வயதில் இதே கருவியை வைத்துப் பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் பேச்சு வந்துவிடும். கேட்டே பழகாத ஒருவருக்கு முப்பது வயதில் வைத்தால் சத்தம் கேட்கும், ஆனால் பேச்சைப் பிரித்துப் புரிந்துகொள்வது பெரும்பாலும் ரொம்பக் கஷ்டம். கருவி அதே, சாப்ட்வேர் அதே, வித்தியாசம் மூளை பழகிக்கொள்ளும் வயதில்தான். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான் (தெரிந்தவர் வீட்டில் அப்படிக் குழந்தை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள்). ஆக இந்த இணைப்பு ஜெயிப்பதே மூளை கம்ப்யூட்டர் மாதிரி இல்லாததால்தான் என்பது என் கட்சி.

நியூராலிங்கில் 2024 ஜனவரியில் நோலண்ட் ஆர்பாவுக்கு 1,024 மின்முனைகளோடு கருவி வைத்தார்கள். கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர் நினைத்தே கர்சரை நகர்த்திச் செஸ் ஆடுகிறார். பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அது எடுப்பது கையை அசைக்க முயலும்போது வரும் சிக்னலை. மனதில் ஓடுவதையெல்லாம் படிக்கிறது என்று யூடியூபில் யாராவது சொன்னால் வீடியோவை மூடிவிடுங்கள்.

மனதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சி. எலிகன்ஸ் என்று 1 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு புழு. அதற்கு மொத்தமே 302 நரம்பணுக்கள், எது எதோடு சேர்கிறது என்ற வரைபடம் 1986லேயே வெளிவந்துவிட்டது. அந்தப் புழுவையே முழுதாகக் கம்ப்யூட்டருக்குள் இன்னும் யாராலும் ஓடவிட முடியவில்லை. நம் தலைக்குள் இருப்பது சுமார் 8,600 கோடி.