பதில்: ஆன் அரசியின் அறையில் சாராவுக்கு என்ன வேலை?

வணக்கம். 1704-இல் நடக்கும் உங்கள் கதையில் அரண்மனைச் சீமாட்டி சாரா சர்ச்சில் மண்டியிட்டு இங்கிலாந்தின் ஆன் அரசியின் கைக்குத் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், மாற்றிவிடுங்கள். தண்ணீர் ஊற்றுவது, கையுறை மாட்டிவிடுவது எல்லாம் அபிகேல் ஹில் போன்ற படுக்கையறைப் பணிப்பெண்களின் வேலை. தண்ணீர் ஊற்றும்போது சாரா போன்ற சீமாட்டி பார்த்துக்கொண்டு நிற்பதோடு சரி. ஆனால் உள்ளாடையைப் பணிப்பெண் எடுத்துக் கொடுக்க, அரசிக்கு அணிவிப்பவர் சீமாட்டிதான். காலணி போட ஏவலாளைக் கூப்பிடுவார்கள். இந்த நுணுக்கங்கள் காட்சிக்கு உயிர் கொடுக்கும்.

சாராவைக் கணக்குப் புத்தகத்தோடு காட்டுங்கள். 1702 முதல் 1711 வரை அரசியின் சொந்தச் செலவுப் பணம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அபிகேல் சாராவின் உறவுக்காரி. அரண்மனையில் வேலை வாங்கிக் கொடுத்ததே சாராதான். அப்புறம் அந்தப் பணப்பொறுப்பு அபிகேலிடமே போய்விட்டது.