பெரியப்பாவின் அலுமினியப் போட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வள்ளம் கட்டுகிற வேலை அருகி வருவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களுக்கு எழுதச் சொன்னதும் அவர்தான். எங்களுக்கு யாழ்ப்பாணத்துப் பாசையூர். பெரியப்பா கனடாவில் இருந்தபோது வீட்டுச் சாமான்களோடு 14 அடி அலுமினியப் போட் ஒன்றையும் கொள்கலனில் ஏற்றி அனுப்பியிருந்தார். ஓய்வு எடுத்ததும் ஊரோடு வந்து தொழிலுக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வரக் கிடைக்கவில்லை, அங்கேயே காலமாகிவிட்டார். போட் கனகாலமாக எங்கள் வளவில் பூவரசுக்குக் கீழே கிடக்கிறது. உள்ளே சருகும் மழைத்தண்ணியும்தான்.

அதைத் திருத்தி நண்டு வலைக்குப் போக நினைக்கிறேன். அடித்தகட்டில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. இரண்டு இடத்தில் ஊசித்துளை. எஞ்சின் பூட்டுகிற பின்பலகை கையால் பிய்கிறது. கேட்டால் ஆளுக்கொரு கதை. வெல்டிங் பட்டறைக்காரர் தகடுகளைப் பிணைக்கிற றிவெற் ஆணி எல்லாவற்றையும் ஒட்டித் தருகிறேன் என்கிறார். பைபர் போட் செய்கிற அண்ணை, உள்ளுக்குக் கண்ணாடியிழைப் பாய் போட்டு றெசின் பூசினால் பிரச்சினை முடிந்தது என்கிறார். அப்பா, "ரெண்டு நாள் தண்ணிக்குள்ள தாட்டு வை, தானா இறுகும்" என்கிறார். பழைய இரும்பு வாங்குகிறவர் கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அப்பாவின் 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சினை இதில் பூட்டலாமா?

றெ., பாசையூர்

அன்புள்ள தம்பி,

முதலில் பழைய இரும்புக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தப் போட் திருந்தும்.

மற்ற மூவரும் அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் மூவரும் தங்களுக்குத் தெரிந்த பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் அப்பா மரத்தைச் சொல்கிறார். மரவள்ளம் காய்ந்தால் பலகை சுருங்கி இடைவெளி விடும், தண்ணீரில் போட்டால் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும், மிச்சத்தைக் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் பஞ்சு அடித்து அடைப்பது, பார்த்துக்கொள்ளும். அது பெரிய அறிவு. 1930-இல் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது அந்த அறிவால்தான். பைபர் அண்ணை சொல்வதும் நம் ஊர் அறிவே. காரைநகர் சீநோர் தளத்தில் பைபர் போட்டுகள் கட்டினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையெல்லாம் பைபராகவே நிறைந்தது. அலுமினியத்தோடு மட்டும் நமக்குப் பழக்கம் இல்லை. அது ஊறாது, பருக்காது. அப்பா சொன்னபடி இரண்டு நாள் தாட்டால், இரண்டு நாள் உப்புத்தண்ணீர் உள்ளே போனதுதான் மிச்சம்.

அலுமினியத்தின் குணம் ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுக்கலாம். அதன் மேற்பரப்பு காற்றுப் பட்டவுடனேயே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றைத் தானாகப் போட்டுக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத தடிப்பு. ஆனால் கடற்காற்றில் வருடக்கணக்காகத் தாங்குவது அதனால்தான். சுரண்டினாலும் காற்று இருந்தால் திரும்ப வளரும். காற்றுப் போகாமல் ஈரமும் உப்பும் மட்டும் தங்குகிற இடத்தில் அந்தப் படலம் உடையும், உடைந்தது ஆறாது, அங்கேயே குழி விழத் தொடங்கும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவு முழுக்க விட்டுவைத்தால் அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருக்குமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உங்கள் போட்டை அரித்தது கடலும் இல்லை, வயதும் இல்லை. உள்ளே மக்கிக் கிடந்த பூவரசஞ் சருகு.

அதனால்தான் பைபர் பூச வேண்டாம் என்கிறேன். றெசின் அலுமினியத்தில் நெடுநாள் பிடித்து நிற்காது. வெயிலில் இரண்டும் ஒரே அளவாக விரிவதும் இல்லை. ஓரத்தில் மயிரளவு பிரிந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். மேலே வழவழப்பாக இருக்கும், கீழே தகடு சல்லடையாகும், உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. இருக்கிற நோயை மூடிக் கட்டுகிற வேலை அது.

வெல்டிங்கும் வேண்டாம், றிவெற் வரிசையில் நிச்சயமாக வேண்டாம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேலிருக்கும் ஒட்சைட்டு உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஆர்கன் வாயுவோடு செய்கிற முறையும் அதில் கைதேர்ந்தவரும் இல்லாவிட்டால் மேலே ஒட்டினது போலத் தெரியும், உள்ளே பிடித்திருக்காது. இவ்வகைப் போட்டின் தகடு பெரும்பாலும் 2 மில்லிமீற்றருக்குள்தான். சூடு பட்ட இடத்தில் அது இளகிப் பலம் குறையும், நெளியும். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஒழுக்கடைக்கப் பூசிய பழைய சீலன்ற் பசை வேறு கருகி வெல்டிங்கைக் கெடுக்கும். றிவெற் போட்டுக் கட்டினதை றிவெற் போட்டே திருத்துங்கள்.

வேலையை எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் கழற்றி வெறும் கூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இதில் பொறுமை போய்விட்டால் பிறகு செய்வது எல்லாம் வீண். கழற்ற முதல் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துவையுங்கள். ஒரு எச்சரிக்கை: குறுக்கே இருக்கும் இருக்கைகள் உட்காருவதற்கு மட்டும் போட்டவை இல்லை, இரண்டு பக்கத்தையும் விரியாமல் பிடித்திருப்பவை அவைதான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கூடு விரிந்துவிடும், பிறகு பழைய துளையில் றிவெற் பொருந்தாது. ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் குறுக்கே ஒரு சட்டம் அடித்து அகலத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இருக்கைக்குள் மஞ்சள் நிறத்தில் நுரை இருக்கும். தூக்கிப் பாருங்கள், கை வலிக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு வருடக்கணக்காகத் தகட்டை ஈரமாகவே வைத்திருந்தது அதுதான். அவ்வளவையும் எறிந்துவிடுங்கள். கவிழ்ந்தால் போட் மிதக்க வேண்டும், ஆகவே புதிதாக ஏதாவது வைக்கத்தான் வேண்டும். கணக்குச் சுலபம். 100 கிலோ அலுமினியம் தண்ணீருக்குள் 37 லீற்றர் இடத்தைத் தானே பிடிக்கும், மீதி 63 கிலோவைத் தாங்க ஏறத்தாழ அதே அளவு லீற்றர் காற்று வேண்டும். எஞ்சினையும் பிடித்துத் தொங்குகிற ஆட்களையும் சேர்த்து 200 லீற்றர் அளவில் வைத்தால் மனம் அமைதியாக இருக்கலாம். மீன்பெட்டி செய்கிற வெள்ளை நுரையான றெஜிபோமைத் திணிக்காதீர்கள். மண்ணெண்ணெய் எஞ்சினும் பெற்றோலில்தான் ஸ்ரார்ட் ஆகிறது, பெற்றோல் சிந்தினால் றெஜிபோம் கரைந்தே போகும். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்ரிக் கான்களை இருக்கைக்குள் அடுக்கிக் கட்டுவது எனக்குப் பிடித்த முறை. ஈரம் குடிக்காது, சுற்றிக் காற்று ஓடும், வருடம் ஒருமுறை வெளியே எடுத்துக் கழுவலாம்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர், சவர்க்காரம், நைலோன் பிரஷ். வெள்ளைத் தூள் போகாத இடத்தில் வினாகிரி தடவித் தேயுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் படவே கூடாது, அதன் துகள் தகட்டில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கும். கோஸ்ரிக் சோடா அலுமினியத்தையே தின்னும். அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, ஈரச் சீமெந்து எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆகவே புதிதாகச் சீமெந்து போட்ட நிலத்தில் போட்டை வைத்து வேலை செய்ய வேண்டாம், மரக்குற்றியில் ஏற்றிவையுங்கள்.

பளிச்சென்று உலோகம் தெரிந்த பிறகு குழிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூரான ஊசியால் அழுத்தினால் தகடு எதிர்த்து நிற்கிறதா, உள்வாங்குகிறதா? தடிப்பில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் நன்றாகக் காயவைத்து எப்பொக்சிப் பசை நிரப்பினால் போதும். ஊசித்துளை விழுந்த இடங்களுக்கும் உள்வாங்குகிற இடங்களுக்கும் ஒட்டுத்தகடு வேண்டும். 5052 அல்லது 5083 என்று கேட்டு வாங்குங்கள், கடலுக்குத் தாங்கும் கலவைகள் இவை. யன்னல் சட்டம் செய்கிற கடையில் மிஞ்சிய துண்டு வேண்டாம். தகட்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, இடையில் பொலியூரேதேன் சீலன்ற் பூசி, சுற்றிவர றிவெற் அடியுங்கள்.

பிறகு ஒழுக்குப் பார்க்க வேண்டும். கடலில் இறக்கி உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அலுமினியத்துக்கு அதைத் திருப்பிச் செய்யுங்கள். குற்றிகளை ஏரா (அடியின் நடு முதுகெலும்பு) நெடுகலும் நெருக்கமாக வைத்துத் தாங்கிக்கொண்டு, உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், தண்ணீரின் பாரம் கூட்டை வளைத்துவிடும். வெளியே அடியில் படுத்துக்கொண்டு எந்த றிவெற்றில் சொட்டு எழுகிறது என்று பார்த்து மார்க்கரால் வட்டம் போடுங்கள்.

ஒழுகுகிற றிவெற் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, தளர்ந்ததை இறுக்கலாம். ஒருவர் வெளியே றிவெற்றின் தலையில் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே வாலைச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஓங்கி அடிப்பதல்ல, சின்னச் சின்னத் தட்டு. துளை பெருத்துவிட்டிருந்தால் பழையதைத் துளைத்து எடுத்து, ஒரு அளவு பெரிய திண்ம அலுமினிய றிவெற்றைச் சீலன்ற்றில் தோய்த்து அடியுங்கள். கடையில் சுலபமாகக் கிடைக்கும் பொப் றிவெற்றுக்கு நடுவே ஓட்டை இருக்கிறது, நீர்மட்டத்துக்குக் கீழே அது ஆகாது. இந்த வேலையை அப்பாவோடு செய்யுங்கள். கலப்பத்து அடித்த கைக்குத் தட்டின் அளவு தெரியும். நானும் மைத்துனரும் ஊர்காவற்றுறையில் இப்படி ஒரு போட்டைத் திருத்தியபோது, நாங்கள் தளர்ச்சி தெரியாமல் விட்ட றிவெற்றுகளை விரல் வைத்தே கண்டுபிடித்தவர் வள்ளம் கட்டுகிற வயதான ஓடாவியார் ஒருவர்தான்.

பின்பலகைக்கு வருகிறேன். எஞ்சினின் முழுப் பாரமும் உந்தலும் வந்து விழுகிற இடம். பழைய பலகை எவ்வளவு உக்கியிருந்தாலும் எறியாமல் அதையே அச்சாக வைத்துப் புதியதை வெட்டுங்கள். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டை எப்பொக்சியால் ஒட்டினால் பெரும்பாலும் பழைய தடிப்பு வந்துவிடும். விளிம்புக்கும் ஒவ்வொரு துளைக்குள்ளும் எப்பொக்சி குடிக்கக் குடிக்கப் பூசுங்கள். பலகை உக்கத் தொடங்குவது எப்போதும் துளையிலிருந்தே. பச்சையாகத் தெரிகிற பதனிட்ட மரத்தைத் தவிருங்கள், அதில் செம்பு உப்பு ஏற்றியிருக்கும். செம்பும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒரு பற்றறி போல வேலை செய்து அலுமினியம் கரைந்துகொண்டே போகும்.

இதே காரணத்துக்காக, மரவள்ளங்களின் அடிக்குப் பூசுகிற செம்பு கலந்த பாசி எதிர்ப்புப் பெயின்ற்றை இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். போல்ற் 316 ரகத் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும், ஆனால் நைலோன் வளையமும் சீலன்ற்றும் இல்லாமல் அதையும் நேரே தொடவிடாதீர்கள். வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு, உடைந்த தூண்டில், செம்புக் கம்பித் துண்டு எதுவும் அடியில் கிடக்கக் கூடாது. விளக்கு பூட்டுவதானால் பற்றறியின் எதிர்க் கம்பியைப் போட்டின் உடலில் கொடுக்காமல் தனிக் கம்பியாக இழுங்கள். துத்தநாகக் கட்டி பூட்டச் சொல்வார்கள். அது தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். தினமும் கரையில் ஏற்றி வைக்கிற போட்டுக்கு அதைவிட ஒரு வாளி நல்ல தண்ணீர் மேல்.

வெளிப்பக்கம் பெயின்ற் விருப்பமென்றால் அலுமினியத்துக்கென்று உள்ள பிறைமர் அடிப்பூச்சை, தேய்த்த அன்றைக்கே பூசிவிட்டு மேலே அடியுங்கள். உட்பக்கத்தை வெறுமனே விடுங்கள். இருக்கையில் மட்டும் மரப்பலகை போடுங்கள், எங்கள் சித்திரை வெயிலில் வெறும் தகட்டில் உட்கார முடியாது.

எஞ்சின். பின்பலகையிலோ அதன் அருகிலோ ஒரு சிறிய தகடோ ஒட்டுத்தாளோ இருக்கும். எத்தனை குதிரைவலு, எத்தனை பேர் என்று அதில் போட்டிருப்பார்கள். கழுவும்போது அழித்துவிடாதீர்கள். 14 அடிப் போட்டுகள் பலவற்றுக்கு 15 குதிரைவலு பொருந்தும், ஆனாலும் தகடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். பின்பலகையின் உயரத்தையும் அளவுங்கள். 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு எஞ்சின், 20 என்றால் நீளத் தண்டு. புரொப்பெலருக்கு மேலே கிடையாக இருக்கிற தட்டு போட்டின் அடியோடு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வந்தால் சரி. குறைந்த வலுவே போதும் என்று தகடு சொன்னால் வருந்தாதீர்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது எத்தனை எஞ்சின்கள் கரையில் கிடந்தன என்பதை உங்கள் துறையே பார்த்தது. பாரம் குறைந்த கூட்டுக்குச் சின்ன எஞ்சின் எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்பதை அப்பா உடனே கணக்குப் பார்த்துவிடுவார்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது ஆழம் குறைந்த பரவைக்கடலுக்கு உரிய போட். நண்டு வலைக்கும் இறால் வலைக்கும் எங்கள் கடல்நீரேரியில் நன்றாக ஓடும், ஆழமில்லாத இடத்திலும் போகும். விளிம்பு தாழ்ந்தது, ஆகவே வாடை வீசுகிற மாதங்களில் இதை வெளிக்கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். சுண்ணாம்புப் பார்மேல் இழுக்காமல் உருளையில் ஏற்றுங்கள். பைபரில் கீறல் விழுகிற இடத்தில் இதற்குப் பள்ளம் விழும். தொழிலுக்கு இறக்க முன்னர் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிவைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு வேண்டும்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். சருகை அள்ளிக் கழுவி, முதல் இருக்கையைக் கழற்றியதும் அடித்தகட்டைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து. எத்தனை ஒட்டுத்தகடு, எவ்வளவு றிவெற் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்