டீச்சரைக் கேளுங்கள்: சின்ஸ், பை, ஆல்ரெடி

உட்லண்ட்ஸ் வாசகர்: ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினேன். மகள் தப்பு என்கிறாள்.

மகள் சொல்வதுதான் சரி. ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்று எழுத வேண்டும். 2015இல் தொடங்கியது இன்றுவரை நீள்கிறது என்பதை அந்த ‘ஹேவ் பீன்’தான் காட்டும். ‘2015லிருந்து வேலை பார்க்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தை வைத்தே சமாளித்துவிடுகிறோம். அதை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைக்காதீர்கள். இன்னொன்று: ‘சின்ஸ்’ கேட்பது தொடங்கிய நேரத்தை, கால அளவை அல்ல. ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ வேண்டவே வேண்டாம். அதற்கு ‘ஃபார்’ இருக்கிறது.

பொங்கோல் வாசகி: ‘பை ஃப்ரைடே’, ‘அன்டில் ஃப்ரைடே’ இரண்டும் ஒன்றா?

வெள்ளிக்குள், வெள்ளிவரை. தமிழே பிரித்து வைத்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை ‘அன்டில் ஃப்ரைடே’ அனுப்பு என்றால் தினமும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்!

ஜூரோங் வாசகர்: ‘இலெவன்த் அவர்’ என்றால் ராத்திரி 11 மணிதானே?

இல்லை. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கதையிலிருந்து வந்தது. பகலைப் பன்னிரண்டாகப் பிரித்து எண்ணிய காலம் அது. பதினோராவது மணி என்றால் மாலை ஐந்து வாக்கில். பொழுது சாயும் நேரத்தில் வேலைக்கு வந்தவர்களுக்கும் முழுநாள் கூலி கிடைக்கிறது. கடைசி நிமிடம் என்ற பொருள் அதனால்தான்.

பீஷான் வாசகர்: ‘ஐ ஈட் ஆல்ரெடி’ என்றேன், மேலதிகாரி சிரித்தார். அவ்வளவு மோசமா டீச்சர்?

மின்னஞ்சலில் எழுதினால் மோசம்தான். ‘ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்’ என்று எழுதுங்கள். காப்பிக் கடையில் சொன்னால் ஒன்றும் குடிமுழுகாது. நம்ம சிங்கப்பூர் ‘ஆல்ரெடி’க்கு வேலையே வேறு. நிலைமை மாறிவிட்டது, இனி பழையபடி இல்லை என்று அது சொல்கிறது. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் ‘லியாவ்’, மலாயில் ‘சுடா’ செய்கிற வேலை. நாம் ‘சாப்பிட்டாச்சு’ என்கிறோமே, அந்த ‘ஆச்சு’வும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று மொழிக்காரர்களுக்கும் கைவந்த வழக்கு என்றால் ஆங்கிலத்தில் நுழையாமல் இருக்குமா?

தெம்பனிஸ் வாசகர்: டீச்சரே இப்படிச் சொல்லலாமா? 2000இல் அரசாங்கம் ‘ஸ்பீக் குட் இங்கிலீஷ்’ இயக்கம் தொடங்கியது எதற்கு?

வெளியூர்க்காரருக்கும் புரியும்படி பேசத்தான். அதை நான் மறுக்கவில்லை. எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று தமிழில் இரண்டு வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு இதில் என்ன கஷ்டம்? இடம் தெரியாமல் பேசுவதுதான் பிரச்சினை.

பிடோக் வாசகி: அப்போ ‘ரெயின் ஆல்ரெடி’ என்றால் மழை நின்றுவிட்டதா, தொடங்கிவிட்டதா?

நல்ல கேள்வி! ‘ஈட் ஆல்ரெடி’யில் சாப்பாடு முடிந்தது, ‘ரெயின் ஆல்ரெடி’யில் பெரும்பாலும் மழை பிடித்துக்கொண்டது. துணியை எடுக்க ஓட வேண்டியதுதான். முடிவு, தொடக்கம் இரண்டையும் ஒரே சொல் காட்டுவதால்தான் வெளியூர்க்காரர் குழம்புகிறார்.

தெம்பனிஸ் வாசகர்: அந்தக் குழப்பத்தைத்தான் நானும் சொல்கிறேன்.

அதற்குத்தான் மின்னஞ்சலில் வேண்டாம் என்றேன். அடுத்தவர்.

அங் மோ கியோ வாசகர்: ‘சின்ஸ் த்ரீ மந்த்ஸ்’ சரியா?

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

ஈசூன் வாசகர்: ‘சின்ஸ் லாஸ்ட் வீக்’?

சரி. ‘லாஸ்ட் வீக்’ தொடங்கிய நேரம். மேலே படியுங்கள் என்றேனே!

செங்காங் வாசகர்: வேலை அனுமதிக் கடிதத்தில் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம் 1 மார்ச்’ என்று இருக்கிறது. பிப்ரவரி கடைசியிலேயே வேலைக்குப் போகலாமா?

மார்ச் 1ஆம் தேதியும் சேர்த்தி, அன்றிலிருந்து நடப்புக்கு வருகிறது என்று பொருள். முன்னாலேயே போகலாமா என்பதை மனிதவள அமைச்சிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.