பயந்தால் விசுவாசம் இல்லையென்று ஆகிவிடுமா?

சகோதரி, அம்மாவின் பயாப்ஸி முடிவு கிறிஸ்துமஸ் கழிந்துதான் வரும், தூக்கமே இல்லை, வீட்டிலோ "விசுவாசி பயப்படலாமா?" என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பைபிளின் கிறிஸ்துமஸ் கதையில், யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியா, மரியாள், யோசேப்பு, மேய்ப்பர்கள் என்று எல்லோரிடமும் தூதன் "பயப்படாதே" என்று சொல்ல வேண்டியிருந்தது. பயந்ததற்காக அவர்களில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஏன் பயப்பட வேண்டாம் என்ற காரணத்தைச் சொன்னான், அவ்வளவுதான்; மேய்ப்பர்களிடம் "உங்களுக்கு இரட்சகர் பிறந்திருக்கிறார்" என்றான்.

அப்புறம், மத்தேயு 2:22 எடுத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வசனம். தூதன் கனவில் பேசியதை மூன்று முறை கேட்டு, எகிப்து வரை போய்த் திரும்பிய யோசேப்பு, யூதேயாவில், குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்றதும் "அங்கே போகப் பயந்தான்". கடவுள் அதற்குக் கோபிக்கவில்லை. கனவில் எச்சரித்து, கலிலேயா பக்கம் அனுப்பினார். குழந்தை இயேசுவை நாசரேத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அந்தப் பயந்த மனிதர்தான்.

முடிவு நல்லபடியாக வரும் என்று என்னால் வாக்குத் தர முடியாது. ஆனால் அதை வாங்கத் தனியாகப் போகாதீர்கள். அம்மாவிடமும் மனம்விட்டுப் பேசுங்கள், அவர்களும் உங்களுக்காகப் பயத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம். இன்றிரவு உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன்.