விருந்தினர் வருவது வட்டாரத்துக்காக: சின்ன விடுதி நடத்துகிறவர்களுக்குக் கேள்வி பதில்

14 அறை கொண்ட விடுதி ஒன்றை 22 வருஷமாக நடத்தி வருகிறேன். விருந்தினர்களைச் சுற்றுப்புறத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டும் வேலையும் உண்டு. இந்தத் தொழிலில் இருப்பவர்களும் இறங்கப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில், அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அக்கா, சுற்றுலா இடம் ஒன்றுக்குப் பக்கத்தில் எங்களுக்கு நிலம் இருக்கிறது. எத்தனை அறை கட்டினால் கட்டுப்படியாகும்? ஆறா, இருபதா?

அறைக் கணக்குக்கு முன்னால் மணிக்கணக்கு போடுங்கள். வருகிறவர் உங்கள் வட்டாரத்தைப் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? நாலு மணி நேரத்தில் முடிந்துவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். எவ்வளவு நல்ல மெத்தை போட்டாலும் ராத்தங்க மாட்டார்.

மனிதர்களை ஒரு இடத்தில் தங்க வைக்கிற பொழுதுகள் இரண்டு, விடியலும் இரவும். எங்கள் விடுதியில் முதல் மூன்று வருஷம் ஒரு ராத்திரிக்கு மேல் யாரும் தங்கியதில்லை. பிறகு காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போக ஆரம்பித்தோம். வழிகாட்டியாக வந்தவர் அதே ஏரியில் மீன் பிடிக்கிறவர். எந்தப் பறவை எந்தப் புதரில் இறங்கும் என்று அவருக்கு அத்துப்படி. டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்போம். கரையில் உட்கார்ந்ததும் அவர் விரலை உதட்டில் வைப்பார். தண்ணீர் மேல் வெளிச்சம் விழும் வரை யாரும் பேசக் கூடாது. ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முந்தின ராத்திரி இங்கே படுத்தாக வேண்டும் அல்லவா? அப்படித்தான் ராத்தங்கல் கூடியது. திரும்பி வந்து, இன்னொரு நாள் இருக்கலாமா என்று கேட்டவர்கள் நிறைய.

உங்கள் பக்கத்தில் அது நட்சத்திரம் நிறைந்த இருட்டாக இருக்கலாம், அதிகாலைச் சந்தையாக இருக்கலாம். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் ஆறு அறையோடு தொடங்குங்கள். ஆனால் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்த் தொட்டியும் இருபது அறைக்குத் தாங்கும்படி இப்போதே போட்டுவிடுங்கள். விருந்தினர் தங்கியிருக்கும்போது தரையை உடைக்கிற அவஸ்தை வேண்டாம்.

சனி, ஞாயிறு இடமில்லை. வார நாட்களில் ஈ ஓட்டுகிறோம். வாடகையைக் குறைத்தால் ஆள் வருமா?

வரலாம். ஆனால் நிறைந்த அறையும் மிஞ்சிய பணமும் ஒன்றல்ல. பத்து அறை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 வாடகைக்கு ஒன்பது அறை போனால் வரவு 900. 150 வாடகைக்கு ஆறு அறை போனாலும் அதே 900. இப்போது செலவைப் பாருங்கள். துணி துவைப்பு, சுத்தம், வெந்நீர், மின்சாரம், காலை உணவு எல்லாம் சேர்த்து அறைக்கு 30 ஆகிறது என்றால், முதல் கணக்கில் 270 போய் மிச்சம் 630. இரண்டாவதில் 180 போய் மிச்சம் 720. வேலையும் குறைவு, தேய்மானமும் குறைவு.

இன்று காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. விமான இருக்கையும் அப்படித்தான். 1978-ல் அமெரிக்காவில் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. அதன் பிறகு, 1980-களில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலையில் விற்கும் முறையைப் பெரிய அளவில் வளர்த்தது. முன்கூட்டியே எடுப்பவருக்கும் நாள் மாற்ற முடியாதவருக்கும் வேறு வேறு விலை. மேரியட் போன்ற ஹோட்டல் நிறுவனங்கள் அதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டன. நமக்கு அந்தப் பெரிய கணினி ஏற்பாடெல்லாம் தேவையில்லை. போன இரண்டு வருஷக் காலண்டரில் எந்த நாள் நிறைந்தது, எத்தனை நாள் முன்னதாக நிறைந்தது என்று குறித்துப் பார்த்தாலே போதும்.

வார நாட்களுக்கு வாடகையைக் குறைப்பதை விட ஆளை மாற்றிப் பாருங்கள். ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் ஆகியோருக்கு ஞாயிறு என்றால் தனி ஈர்ப்பு கிடையாது. சனிக்கிழமை கேட்கிறவரிடம், வெள்ளியும் சேர்த்து எடுத்தால் வெள்ளிக்குப் பாதி வாடகை என்று சொல்லுங்கள். பலகையில் எழுதிய விலையைக் குறைத்துவிட்டால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். இப்படிச் சேர்த்துத் தருகிற சலுகையை நினைத்தபோது நிறுத்தலாம்.

ஆன்லைன் புக்கிங் தளங்கள் 15, 20 சதவீதம் கமிஷன் பிடிக்கின்றன. விலகிவிடலாமா?

விலக வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதற்கான விளம்பரச் செலவு அது. அதே ஆள் இரண்டாம் முறையும் அந்த வழியாகவே வந்தால்தான் நீங்கள் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

தளத்தில் பார்த்துவிட்டு, விடுதியின் பெயரைத் தேடி நேரே ஃபோன் செய்கிறவர்கள் உண்டு. அந்த அழைப்பை எடுக்க ஆள் இருக்கிறதா? ஃபோன் மூன்று முறை அடித்து நின்றுவிட்டால் அவர் மறுபடி தளத்துக்கே போவார். நேரடி வாடகை தளத்து விலையை விடக் குறையக் கூடாது என்று சில ஒப்பந்தங்களில் விதி இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைப் படியுங்கள். அப்படி விதி இருந்தாலும், நேரடியாக வருகிறவருக்குத் தாமதமான செக்-அவுட் தரலாம், நல்ல காட்சியுள்ள அறையை ஒதுக்கலாம்.

ரிசப்ஷனில் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு விருந்தினருக்கும் இரண்டு வரி. "மெல்லிய தலையணை கேட்டார். மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது என்றார்." ஒன்றரை வருஷம் கழித்து அந்த அம்மா வந்தபோது கீழ்த்தளத்தில் அறை, கட்டிலில் மெல்லிய தலையணை. அதற்கப்புறம் அவர்கள் வீட்டிலிருந்து எந்தத் தளத்தின் வழியாகவும் புக்கிங் வந்ததில்லை, நேராக ஃபோன்தான்.

ஒருவர் பொய்யாக மோசமான ரிவ்யூ போட்டுவிட்டார். என்ன பதில் எழுதுவது, மேடம்?

ஒரு நாளுக்குள், நாலு வரிக்குள் எழுதுங்கள். அதைப் படிக்கப்போகிறவர் அடுத்த மாதம் வர நினைக்கிற வேறொருவர் என்பதை நினைவில் வையுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

ஆனால் "பொய்" என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சம்பவம் சொல்கிறேன். "வெந்நீரே வரவில்லை" என்று ஒருவர் எழுதினார். கீஸர் நன்றாக வேலை செய்தது. அவருக்குப் பொறுமை இல்லை என்று நாங்களே பேசிக்கொண்டோம். அன்றிரவு பதினொரு மணிக்கு, அவர் குளித்த அதே நேரத்தில், அந்தக் கடைசி அறையில் குழாயைத் திறந்து வாளியை வைத்தேன். ஒரு வாளி நிறைந்தது, குளிர்ந்த தண்ணீர். இரண்டாவது வாளி முக்கால் வந்த பிறகுதான் சூடு தட்டியது. பயணக் களைப்பில் ஈர உடம்போடு நிற்கிறவருக்கு அது "வரவில்லை"தான். குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை போட்டோம், அந்தக் கடைசி மூன்று அறைகளுக்கும் தனியாகச் சின்ன கீஸர் வைத்தோம். செய்ததை அப்படியே பதிலில் எழுதினோம். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாக இன்றுவரை சிலர் சொல்கிறார்கள்.

வெந்நீர் என்றதும் இன்னொன்று. மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தொட்டியின் சூட்டைக் குறைத்து வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அந்தத் தண்ணீரின் நுண்துளிகளைச் சுவாசித்தால் கடுமையான நிமோனியா வரலாம். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத்தான் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. சேமிப்புத் தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். கை சுடாமல் இருக்கக் குழாயடியில் கலவை வால்வு போடுங்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளில் வாரம் ஒருமுறையாவது எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்து விடுங்கள்.

படங்கள் எப்படி எடுக்க வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், அறை இருக்கிறபடியே. சின்ன அறையைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ் வேண்டாம், வாசலில் வைத்தே முகம் சுருங்கும். குளியலறை, வாகனம் நிறுத்துமிடம், கடைசி அரை கிலோமீட்டர் சாலை மூன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

சுற்றி ஐந்து விடுதி வந்துவிட்டது. போட்டியை எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசை. விருந்தினர் உங்கள் வட்டாரத்துக்காக வருகிறார். வந்த பிறகுதான் எந்தக் கூரை என்று பார்க்கிறார். வட்டாரத்துக்கு வருகிற கூட்டம் குறைந்தால் ஆறு பேரும் சேர்ந்துதான் காலியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

1900-ல் பிரான்சில் மிஷ்லின் டயர் நிறுவனத்தை நடத்திய சகோதரர்கள், வாகன ஓட்டிகளுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும், பழுது எங்கே பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. மக்கள் வெளியே கிளம்பினால்தான் டயர் தேயும் என்பது அவர்கள் கணக்கு. நீங்களும் உங்கள் வட்டாரத்துக்கு ஒரு வரைபடம் போடுங்கள். பக்கத்து விடுதியின் உணவகம் நன்றாக இருந்தால் அதையும் குறியுங்கள்.

இத்தாலியில் இதை இன்னும் ஆழமாகச் செய்தார்கள். 1976-ல் ஃப்ரியூலி பகுதியை நிலநடுக்கம் சிதைத்தது. பிறகு சீரமைத்த மலைக்கிராம வீடுகளில் பல ஆளில்லாமல் கிடந்தன. அவற்றைப் பயன்படுத்த எழுந்த யோசனையை ஜான்கார்லோ தல்லாரா என்பவர் ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். "ஆல்பெர்கோ டிஃபூசோ" என்று பெயர், பரவிக் கிடக்கும் ஹோட்டல் என்று பொருள். ரிசப்ஷன் ஒரு வீட்டில், அறைகள் தெருவெங்கும் வேறு வேறு வீடுகளில். புதுக் கட்டடம் எழுப்புவதில்லை, ஊரே ஹோட்டல். விருந்தினர் சாவியை வாங்கிக்கொண்டு தெருவில் நடந்துதான் அறைக்குப் போக வேண்டும். அந்த நடையில் ஊர்க்காரர்களோடு பழகுகிறார், கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கிறது.

எங்கள் பக்கம் நாங்கள் நாலு விடுதி சேர்ந்து ஒரே சலவை இயந்திரம் வாங்கினோம். தவறி ஒரு அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் யாருக்கு முதலில் ஃபோன் செய்வது என்று பேசி வைத்திருக்கிறோம். நள்ளிரவில் பெட்டியோடு வந்த குடும்பத்தை "இடமில்லை" என்று திருப்பி அனுப்பும் கொடுமை அதோடு நின்றது.

எங்கள் அருவி திடீரென்று பிரபலமாகிவிட்டது. ஒரே நெரிசல், ஊர்க்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள். ஆனால் வியாபாரம் நன்றாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

அந்தக் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்சி (Doxey) என்ற ஆய்வாளர், பயணிகள் கூடக்கூட ஊர்க்காரர்களின் மனநிலை மாறுவதை 1975-லேயே நாலு படியாகச் சொன்னார்: முதலில் மகிழ்ச்சி, பிறகு அலட்சியம், பிறகு எரிச்சல், கடைசியில் பகை. நீங்கள் மூன்றாவது படியில் இருக்கிறீர்கள். வெனிஸ் நகரம் 2024-ல் நெரிசல் நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. ஃபாரோ தீவுகளில் 2019-ல் சில முக்கிய இடங்களை ஒரு வார இறுதிக்கு மூடிவிட்டு, தன்னார்வலர்களைக் கொண்டு பாதைகளைச் சரிசெய்தார்கள்.

நீங்கள் ஊர்க்கூட்டத்தில் போய் உட்காருங்கள். குப்பையா, வண்டி நிறுத்துவதா, தண்ணீரா, எது அவர்களைக் குத்துகிறது என்று கேளுங்கள். உங்கள் விருந்தினர்களை எட்டு பேர் குழுவாக, கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும் அனுப்புங்கள். குழுவோடு ஊர்க்காரர் ஒருவர் சம்பளத்துக்குப் போகட்டும். வியாபாரம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

ஆஃப் சீசனில் மூடிவிடுவதா, திறந்து வைப்பதா? ஆட்களும் அப்போதுதான் நின்றுவிடுகிறார்கள்.

அறைக்கு ஆகும் நேரடிச் செலவை விட வாடகை அதிகமாக வந்தால் திறந்து வையுங்கள், ஆனால் ஒரு தளம் மட்டும். சம்பளமும் கடன் தவணையும் மூடினாலும் ஓடும். மற்றத் தளத்தில் வண்ணம், குழாய், மெத்தை வேலைகளை நம் ஆட்களை வைத்தே செய்யலாம். வருஷம் முழுக்கச் சம்பளம் உண்டு என்று தெரிந்தால் நல்ல ஆள் நிற்பார். சீசனுக்கு மட்டும் ஆள் பிடித்தால் ஒவ்வொரு முறையும் பெட்ஷீட் மடிப்பதிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

2020-ல் உலகம் முழுக்கச் சர்வதேசப் பயணிகள் வருகை 70 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த வருஷத்தை நாங்கள் தாண்டியது, ஒவ்வொரு சீசனிலும் எடுத்து வைத்த ஆறு மாத நிலைச்செலவால்தான். அதைத் தொட்டு அலங்கார விளக்கு வாங்கச் சொல்லி எத்தனையோ பேர் யோசனை சொன்னார்கள். தொடவில்லை.

டாக்ஸி ஓட்டுநர்கள் ஆள் கொண்டுவந்தால் கமிஷன் கேட்கிறார்கள். தரலாமா, அக்கா?

நான் தருவதில்லை. அந்தக் கமிஷன் விருந்தினர் வாடகையில்தான் போய் ஏறும். அதிகம் தருகிற இடத்துக்கே வண்டியும் போகும். ஆனால் ஓட்டுநருக்குச் செய்ய வேண்டியது வேறு உண்டு. பல விடுதிகளில் அவர்கள் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துப் படுக்கிறார்கள், கொசுக்கடியோடு. மறுநாள் மலைப்பாதையில் நம் விருந்தினரை ஓட்டிப்போகிறவர் அவர்தான் என்று யாரும் நினைப்பதில்லை.

பின்பக்கம் ஒரு அறையில் நாலு கட்டில், மின்விசிறி, ஃபோன் சார்ஜ் செய்ய இடம், சுத்தமான குளியலறை வைத்திருக்கிறோம். பெட்ஷீட் விருந்தினர் அறைக்குப் போடுகிற அதே பெட்ஷீட். விருந்தினருக்கு என்ன சாப்பாடோ அதுவே அவர்களுக்கும். அங்கே தூங்கி எழுந்து போன ஒருவர், இரண்டு மாதம் கழித்து மழை ராத்திரியில் ஃபோன் செய்தார். பாதை அடைபட்டு ஒரு குடும்பம் அவர் வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தது. "ரூம் இருக்கா மேடம்? குழந்தை இருக்கு, கொஞ்சம் வெந்நீர் போட்டு வையுங்க" என்றார்.