மகளின் முதல் சம்பளம்: கவரை வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. போன மாதம் ஒரு புத்தகக் கடையில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தாள். சனி, ஞாயிறு மட்டும், நாளுக்கு நான்கு மணி நேரம். முதல் சம்பளத்தைக் கவரைக்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பெருமையில் எனக்குப் பேச்சே வரவில்லை. சம்பளச் சீட்டைப் படம் எடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சம்பளத்தில் பாதியைப் போட்டு ஹெட்போன் வாங்கப் போகிறாளாம். மொத்தத்தையும் அவள் பெயரில் டெபாசிட் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். "அவள்தான் சம்பாதிக்கிறாளே, இனி பாக்கெட் மணி எதற்கு?" என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பணத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள். கவரை வேண்டுமானால் நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

டெபாசிட் போடுவது தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் போடுகிற கை யாருடையது என்பது முக்கியம். என் முதல் சம்பளங்களை எல்லாம் வீட்டில் பத்திரமாக வாங்கி வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், ஒரு காசுகூட வீணாகவில்லை. ஆனால் 23 வயதில் முழுச் சம்பளமும் முதன்முதலாக என் கைக்கே வந்தபோது, மூன்றே மாதத்தில் கிரெடிட் கார்டு கடனில் நின்றேன். பணத்தைச் சேர்த்து வைக்கப் பக்கத்தில் ஆள் இருந்ததால், அதை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. உங்கள் மகள் இப்போது ஒரு தப்பு செய்தால் போவது ஒரு மாதச் சம்பளம். அதே தப்பை 26 வயதில் செய்தால், அடைக்கச் சில வருடங்கள்கூட ஆகலாம்.

பண ஆலோசனை சொல்லும் என் தொழில்காரர்கள் இந்த இடத்தில் ஒரு கூட்டு வட்டி அட்டவணையை நீட்டுவார்கள். 16 வயதில் போட்ட பணம் ஆண்டுக்கு 6 சதவீதத்தில் வளர்ந்தால் 60 வயதில் ஏறக்குறைய 13 மடங்கு ஆகும். அதே பணத்தை 26-ல் போட்டால் சுமார் 7 மடங்குதான். கணக்கு சரி. அந்த 44 வருடமும் விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால், 13 மடங்குப் பணத்தைக் கொண்டு இன்றைக்கு வாங்குவதைப் போல இரண்டே கால் மடங்கு அளவுக்குத்தான் வாங்க முடியும் என்பதை அந்த அட்டவணை சொல்லாது. ஒரு மாதச் சம்பளத்தால் அவள் கோடீஸ்வரி ஆகப்போவதில்லை. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை எடுத்து ஒதுக்குகிற பழக்கம் இப்போதே வந்துவிட்டால், பிற்பாடு பெரிய சம்பளம் வரும்போதும் அந்தப் பழக்கம் கூட வரும். நான் பெரிதாக நினைப்பது அதைத்தான்.

சரி, ஹெட்போன். விலையைப் பணத்தில் பேசாமல் மணிக்கணக்கில் பேசிப் பாருங்கள். வாரம் 8 மணி நேரம் என்றால் மாதத்துக்குச் சுமார் 32. சம்பளத்தில் பாதி என்பது 16 மணி நேரம், அதாவது இரண்டு வாரத்தின் சனியும் ஞாயிறும் கடையில் நின்ற உழைப்பு. "இந்த ஹெட்போன் உனக்கு 16 மணி நேரம் பெறுமா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். பெறும் என்றால் வாங்கட்டும். அப்புறம் அந்த ஹெட்போனைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடக்கூடாது. அது மட்டும் உங்கள் பொறுப்பு.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. பாக்கெட் மணியை அப்படியே நிறுத்தினால், மகளின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அவள் சம்பாதிக்கச் சம்பாதிக்க வீட்டிலிருந்து வருவது குறைகிறது. அந்த அளவுக்கு அவள் உழைப்பின் மேல் 100 சதவீத வரி போட்ட மாதிரி. அதற்குப் பதில் பாக்கெட் மணிக்கு வேறு வேலை கொடுங்கள். அவள் சம்பளத்திலிருந்து சேமிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும், டாலருக்கும், எந்தப் பணமாக இருந்தாலும், நீங்கள் அதே அளவு போடுவதாகச் சொல்லுங்கள். உச்ச வரம்பு இப்போது கொடுக்கிற பாக்கெட் மணி. வீட்டுச் செலவு ஒரு காசுகூட அதிகமாகாது. ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கில் முதலாளியும் தன் பங்கைப் போடுகிற முறை பல நாடுகளில் உண்டு. இதுவும் அதுதான், வீட்டளவில். பேருந்துக் கட்டணமும் பள்ளிச் செலவும் இதில் சேராது, அவை உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

எத்தனை சதவீதம் சேமிப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும், ஆனால் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே. 20 என்றாலும் சரி, 40 என்றாலும் சரி. இலக்கும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும். 16 வயதுப் பிள்ளையிடம் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேசினால் காதிலேயே ஏறாது. ஆறு மாதத்தில் ஒரு லேப்டாப் என்றால் ஏறும்.

சம்பளச் சீட்டு வருகிறது என்பது நல்ல செய்தி. பகுதி நேர வேலைக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு அதுகூடக் கிடைப்பதில்லை. ஒரு நாள் உட்கார்ந்து இருவரும் வரி வரியாகப் படியுங்கள்: மொத்தம் எவ்வளவு, என்னென்ன பிடித்தம், கைக்கு வந்தது எவ்வளவு. வருமான வரி பிடித்திருந்தால், அவள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கும்பட்சத்தில் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. வேலை செய்த மணி நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வரட்டும். சீட்டில் குறைந்திருந்தால் கடையில் போய்க் கேட்க வேண்டியது அவள்தான், நீங்கள் இல்லை.

சம்பளம் போட அவள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கினால், 18 ஆகாததால் சில இடங்களில் உங்களையும் சேர்த்துத்தான் திறப்பார்கள். அதற்காக ஒவ்வொரு செலவையும் பார்த்து விசாரணை வைக்காதீர்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி வையுங்கள். "உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், அதை இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடு, உனக்குக் கமிஷன்" என்று யாராவது கேட்டால், தோழியே கேட்டாலும் கூடாது. மோசடிப் பணத்தைக் கைமாற்ற இளவயதினரின் கணக்குகளைத்தான் தேடுகிறார்கள். போலீஸ் விசாரணை வந்தால், அது முதலில் கணக்கு வைத்திருப்பவரிடம்தான் வரும்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973 உடன்படிக்கை பொதுவான வேலைக்குக் குறைந்தபட்ச வயதை 15 என்றும், ஆபத்தான வேலைக்கு 18 என்றும் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் மணி நேரத்துக்கும் இரவு வேலைக்கும் தனி வரம்பு இருக்கலாம், ஒரு முறை பார்த்துவிடுங்கள். (கனமான பெட்டிகளை யார் தூக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். புத்தகப் பெட்டி நாம் நினைப்பதைவிடக் கனம்.) படிக்கிற பிள்ளைகளுக்கு வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் படிப்பு அடிபடுகிறது என்று ஆய்வாளர்கள் வெகுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அவளுடைய 8 மணி நேரம் அந்த எல்லைக்கு வெகு தூரம். தேர்வு நெருங்கும்போது ஷிஃப்டைக் குறைக்க வேண்டியிருந்தால் இரண்டு வாரம் முன்னதாகவே கடையில் சொல்லட்டும். அதையும் அவளே பேசட்டும்.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் படம். உங்கள் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை அப்படிப் போட்டிருப்பீர்களா? படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அவளிடம் ஒரு சாரி சொல்லிவிடுங்கள். உறவினர்கள் கேட்டால் வேலைக்குப் போகிறாள் என்று தாராளமாகச் சொல்லுங்கள், தொகை மட்டும் வேண்டாம்.