வாசகர் கேள்வி – பதில்: பன்னிரண்டு பேர் இருக்கும் வகுப்பு

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றாள், ஆயினும் மருத்துவபீட அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி போதவில்லை. அமெரிக்காவில் 1800 மாணவர் மட்டுமே தங்கிப் படிக்கும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, முழு உதவித்தொகையுடன் அவளுக்கு அனுமதி தந்திருக்கிறது. விஞ்ஞானம் படித்த பிள்ளையைக் கலைப்பாடம் படிக்க அவ்வளவு தூரம் அனுப்புவதா, அதுவும் பல்கலைக்கழகம் என்ற பெயர்கூட இல்லாத இடத்துக்கா என்று என் தமையனார் கேட்கிறார். நான் என்ன சொல்ல?
— ஒரு தாய், சுன்னாகம்

பதில்: உங்கள் தமையனாரின் கவலை இரண்டு சொற்களால் வந்தது. யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்றால் நமக்குப் பாடசாலைதான். இந்துக் கல்லூரி, மத்திய கல்லூரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அமெரிக்காவிலோ பட்டம் வழங்கும் நிறுவனங்கள் பல கல்லூரி என்ற பெயரையே இன்றும் வைத்திருக்கின்றன. 1793இல் தொடங்கிய வில்லியம்ஸ், 1821இல் தொடங்கிய அமர்ஸ்ற் ஆகியவை அந்நாட்டின் மிக மதிக்கப்படும் உயர்கல்வி நிலையங்களுள் அடங்கும். இரண்டிலும் ஏறத்தாழ ஈராயிரம் மாணவர்களே படிக்கிறார்கள்.

அடுத்தது 'ஆர்ட்ஸ்' என்ற சொல். இது நம் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடத்தைக் குறிப்பதன்று. மத்தியகால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை, எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் ஆகிய ஏழையும் சேர்த்து வழங்கிய பழைய பெயரின் தொடர்ச்சி அது. அந்த ஏழில் கணிதமும் வானியலும் இருப்பதைத் தமையனாருக்குச் சுட்டிக் காட்டுங்கள். உங்கள் மகள் அங்கே உயிரியலையே முதன்மைப் பாடமாக எடுக்கலாம். பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு இரண்டு தவணை, தவணைக்கு நான்கு பாடநெறிகள் வீதம் நான்கு ஆண்டுகளில் 32 பாடநெறிகளை முடிக்க வேண்டும். அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொன்று முதன்மைப் பாடத்துக்குரியவை. எஞ்சியவற்றில் வரலாறும் மெய்யியலும் கணினியும் ஒரு புதிய மொழியும் வரலாம். முதன்மைப் பாடம் எதுவென்று அறிவிக்க இரண்டாம் ஆண்டின் இறுதிவரை அவகாசம் உண்டு. பதினாறு வயதில் பிரிவைத் தெரிவுசெய்துவிட்டு, அது பொருந்தாது என்று பத்தொன்பது வயதில் உணரும் நம் பிள்ளைகளை எண்ணும்போது, இந்த அவகாசத்தை நான் மிகப் பெரியதாகக் கருதுகிறேன்.

ஆய்வுகூடத்தைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். இத்தகைய கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் இல்லை, அல்லது மிகச் சிலரே இருப்பார்கள். ஆகவே பெரிய பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பவர் செய்யும் பரிசோதனையை, இங்கே இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவி பேராசிரியரின் பக்கத்தில் நின்று செய்ய வாய்ப்புக் கிடைக்கிறது. அதே வேளை குறையும் உண்டு. ஒரு துறையில் நான்கைந்து ஆசிரியர்களே இருக்கக்கூடும். அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு கிளையை அவள் விரும்பினால் அதற்குரிய பாடநெறியே இராது.

கேள்வி: இப்படியான தங்கிப் படிக்கும் சிறு கல்லூரி நம் மண்ணில் இருந்ததில்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கானை

பதில்: இருந்தது, ஐயா, அதுவும் உங்கள் அயலூரில். அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர், டார்ட்மத் என்ற அமெரிக்கக் கல்லூரியில் கற்றவர். தாம் கற்ற முறையையே இங்கும் நிலைநாட்ட முயன்றார். மாணவர் விடுதியில் தங்கினார்கள். தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும், கணிதமும் வானியலும் இயற்கை விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. மதமாற்றமே அதன் நோக்கங்களுள் முதன்மையானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்களே என்ற அதிருப்தி மிசனின் மேலிடத்தில் வளர்ந்தமை, 1855இல் அது மூடப்பட்டதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. பின்னர் 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

அந்தக் கல்வி எத்தகைய மனிதரை உருவாக்கியது என்பதற்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களைப் பார்த்தால் போதும். செமினரியில் படித்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவரான கறோல் விசுவநாதபிள்ளையும் அதே செமினரியைச் சேர்ந்தவரே. தாமோதரம்பிள்ளை பின்னர் சட்டம் பயின்று நீதிபதியாகவும் கடமையாற்றினார். ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றினார். கணிதமும் ஆங்கிலமும் சட்டமும் கற்ற ஒருவர் சங்க நூலுக்கு வந்தார் என்பதை, உயர்தரத்தில் மூன்று பாடங்களோடு பிள்ளையின் உலகத்தை அடைத்துவிடும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கிப் படிப்பதே பட்டப்படிப்பின் பாதி என்ற எண்ணம் பிற்காலத்திலும் இலங்கையில் இருந்தது. ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராயிருந்தபோது இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததும் அந்த எண்ணத்தோடுதான். இன்று நம் பல்கலைக்கழகங்கள் எல்லோருக்கும் விடுதி கொடுக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டன. அந்த வளர்ச்சியால் ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்றார்கள் என்பதால் அதை நான் குறைசொல்ல மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவில் அத்தகைய சிறு கல்லூரி ஒன்றுக்கு வரும் ஆகஸ்ட்டில் போகிறேன். வகுப்பில் பேசுவதற்கும் புள்ளி உண்டாம். ஆங்கிலம் வாசிக்க முடியும், ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் வாய் திறக்கப் பயம். என்ன செய்ய வேண்டும்?
— மாணவி, கோப்பாய்

பதில்: தங்கைக்கு இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது படிப்பின் கடினத்தால் அன்று, இந்த ஒன்றினால்தான். ரியூட்டறி என்னும் தனியார் வகுப்பில் நூற்றைம்பது பேருக்கு நடுவில் இருந்து, சொல்லித் தரும் குறிப்பை எழுதி, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஒரு நீள்மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். பேராசிரியர் குறிப்பு எதுவும் சொல்ல மாட்டார். முதல்நாள் இரவு வாசித்து வரச் சொன்ன நாற்பது பக்கங்களில் உமக்கு எது சரியாகப் படவில்லை என்று கேட்பார். வில்லியம்ஸ் கல்லூரியில் உள்ள ஒரு கற்பித்தல் முறை இன்னும் நெருக்கமானது: இரண்டே மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுத, மற்றவர் அதை விமர்சிக்க வேண்டும், அடுத்த வாரம் இடம் மாறும். அங்கே ஒளிந்துகொள்ளப் பின்வரிசை வாங்கு கிடையாது.

அச்சப்பட வேண்டாம். வாசித்து முடித்ததும் உமக்கு விளங்காத ஓரிடத்தையும், நீர் உடன்படாத ஓரிடத்தையும் தாளில் இரண்டு வசனங்களாக எழுதி, பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு வகுப்புக்குப் போம். முதல் பத்து நிமிடங்களுக்குள் அவற்றுள் ஒன்றைச் சொல்லிவிடும். நேரம் செல்லச் செல்ல வாய் திறப்பது கடினமாகும். விளங்கவில்லை என்று சொல்வதும் அங்கே பங்களிப்புத்தான். ஆசிரியரின் கருத்தை மறுப்பது மரியாதைக்குறைவாகாது. காரணம் சொல்லாமல் மறுப்பதே குறை.

ஒவ்வோர் ஆசிரியரும் கிழமையில் சில மணித்தியாலங்களை மாணவர் வந்து சந்திப்பதற்கென்றே ஒதுக்கி, கதவைத் திறந்து வைத்திருப்பார். பிழை செய்தவரைக் கூப்பிட்டு ஏசும் நேரம் என்று நினைத்து நம்மவர்கள் போவதில்லை. முதல் இரண்டு கிழமைகளுக்குள் நான்கு ஆசிரியர்களிடமும் ஒருமுறை போய், நீர் எந்த ஊர், எப்படிப் படித்து வந்தவர், எது கடினம் என்று சொல்லும். பின்னாளில் உமக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவர்களும் அவர்களே. எழுத்துக்கு உதவும் நிலையமும் இருக்கும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல்நாள் போகாமல் ஒரு கிழமை முந்திப் போம்.

ஒரு விடயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். பிறர் எழுதியதை மூலம் குறிப்பிடாமல் எடுத்து எழுதுவதை இங்கே பலர் படிப்பாகவே எண்ணுகிறார்கள். அங்கே அது களவு, படிப்பே நின்றுபோகலாம். ஹவர்போர்ட் கல்லூரி போன்ற இடங்களில் மேற்பார்வையாளர் இல்லாமலே பரீட்சை நடக்கிறது, மாணவரின் வாக்குறுதியே காவல். அந்த நம்பிக்கைக்கு உரியவராக இரும்.

கேள்வி: அமெரிக்காவில் இத்தகைய கல்லூரியில் படித்துவிட்டு மருத்துவராகலாமா?
— ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: நேரடியாக ஆக முடியாது. இங்கே உயர்தரத்தின் பின் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பு. அங்கே நான்காண்டுப் பட்டத்தின் பின் இன்னும் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளும் சிலவே. அந்த ஒரே இலக்கோடு அனுப்புவதாயின் வேண்டாம். திரும்பி வந்து அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், கல்லூரி அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் புறப்படுமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடுதியில் யாரோடு விடுவார்கள்? பகிடிவதை உண்டா? செலவு எல்லாம் உதவித்தொகைக்குள் அடங்குமா?
— ஒரு தாய், பருத்தித்துறை

பதில்: முதலாம் ஆண்டில் வழக்கமாக முன்பின் தெரியாத ஒருவரோடு அறையைப் பகிர வேண்டும், தூங்கும் நேரம், துப்புரவு, சத்தம் பற்றி முன்கூட்டியே கேட்டுப் பொருத்துவார்கள். ஒவ்வொரு மாடியிலும் மூத்த மாணவர் ஒருவர் பொறுப்பாக இருப்பார். புதியவரை வதைக்கும் பழக்கம் அங்கும் சில மாணவர் சங்கங்களில் இருந்து வந்திருக்கிறது, ஆகவே அத்தகைய சங்கங்கள் கல்லூரியில் உள்ளனவா என்று கேளுங்கள். இங்கே 1998ஆம் ஆண்டின் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியும் அது ஒழியவில்லை என்பதை அறிந்த தாயின் கேள்வி இது; கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உதவித்தொகைக் கடிதத்தில் கற்பித்தல் கட்டணம், அறை, உணவு, மருத்துவக் காப்புறுதி, புத்தகம், விமானச் சீட்டு ஆகிய ஆறும் தனித்தனியே உள்ளனவா என்று பாருங்கள். பெரும்பாலும் விடுபடுவன கடைசி மூன்றும்தான். மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். நூலகத்திலோ உணவுச்சாலையிலோ கிடைக்கும் அந்தச் சம்பளம் கைச்செலவுக்குப் போதும், விமானச் சீட்டுக்குப் போதாது. டிசம்பர் விடுமுறையில் சில கல்லூரிகள் விடுதியைப் பூட்டிவிடும். அந்தக் குளிரில் பிள்ளை எங்கே தங்குவாள் என்பதை இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.